இடியன் துவக்கு பிறந்த கதை

ஒட்டுசுட்டானில் வீதியை விட்டு முத்தையன்கட்டுப் பக்கமோ தண்ணிமுறிப்புப் பக்கமோ காட்டுக்குள் இறங்கினால், கண் எட்டுகிற தூரம் முப்பது நாற்பது யார்தான். அதற்கு அப்பால் பாலையும் வீரையும் பற்றையும் மறைத்துவிடும். இந்தக் காட்டுக்கு எப்படிப்பட்ட துவக்கு வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது இந்தத் தூரம். அடுத்தது, அதைச் சுமந்துகொண்டு நடப்பவன் யார் என்பது. வன்னியில் அவன் கமக்காரன். தனி ஆளாக, இரவில், வயற்காவலுக்குப் போகிறவன். தோளில் துவக்கு, கையில் லாந்தர், இடுப்பில் கத்தி. இந்தத் தூரத்துக்கும் இந்த மனிதனுக்கும் பொருந்திப் பிறந்தது இடியன்.

குழலின் வாயால் மருந்தைப் போட்டு, தும்பை அடைத்து, சன்னத்தைப் போட்டு, மறுபடி தும்பு வைத்துக் கோலால் இடித்து இறுக்கி, ஒரேயொரு வெடி வைக்கிற துவக்கு அது. அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பிரித்தானியப் படை 1866இல் ஸ்னைடர் ரைபிளை எடுத்துக்கொண்டு வாயால் நிரப்பும் துவக்குகளுக்கு விடை கொடுத்துவிட்டது. வன்னியிலோ அது என் தலைமுறை வரை கொட்டில்களில் தொங்கியது. வறுமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதி உண்மை. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ள, துவக்கின் கனம் எப்படிக் குறைந்துவந்தது என்று பார்க்க வேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரோடு இந்தத் தீவுக்கு வந்தது திரித்துவக்கு. எரிந்துகொண்டே இருக்கும் திரியை விசை இழுத்து மருந்தில் வைக்கும். அந்தக் காலத்துப் பெரிய மஸ்கெட்டுகளை நிலத்தில் கவைக்கம்பு ஊன்றி, அதன்மேல் குழலைத் தாங்கவைத்துத்தான் சுட்டார்கள். கோட்டை மதிலுக்கும் படை வரிசைக்கும் அது சரி. காட்டில், எரிகிற திரியின் மணத்தை மான் காற்றிலேயே பிடித்துவிடும். இருட்டில் அதன் கனல் எந்தப் பன்றிக்கும் தெரியும். ஆனால் இலங்கைக் கொல்லர் துவக்குச் செய்யும் கலையை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொண்டார்கள். 1596இல் வெளிவந்த தன் பயண நூலில் ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், இலங்கையர் செய்யும் துவக்குக் குழல்கள் வேறெங்கும் காணாத அழகுடையவை, வெள்ளிபோல் மின்னுபவை என்று எழுதினார். கண்டியின் துவக்குகளில் விசைப்பொறி இடது பக்கத்தில் இருக்கும், சோங்கு என்கிற மரப்பிடி இரண்டாகப் பிளந்திருக்கும், மரமெங்கும் வெள்ளி வேலைப்பாடு ஓடும். அவை அரசனுக்கும் திசாவைகளுக்கும் செய்யப்பட்டவை. கமக்காரனின் கைக்கு வந்தவை அல்ல.

வன்னியின் பெரிய வேட்டை அப்போது துவக்கால் நடந்ததே அல்ல. வன்னியின் சிற்றரசர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது யானை. யானையை உயிரோடு பிடிக்க வேண்டும். அதற்கு வேண்டியது கயிறும் ஆளும். பணிக்கர்கள் இரண்டு மூன்று பேராகக் காட்டுக்குள் போய், காற்றின் திசை பார்த்து, யானையின் பின்னங்காலுக்கு எட்டும் அளவு கிட்டப் போய்த் தோற்கயிற்றில் சுருக்குப் போட்டு, மறுமுனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், இந்தத் துணிவைக் கண்டு மலைத்து எழுதியிருக்கிறார். துவக்கு வருவதற்கு முன்பே கிட்டப் போகிற கலை இங்கே முற்றியிருந்தது என்பது இந்தக் கதைக்கு முக்கியம்.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவில் துவக்கு வேறு வேலைக்கு வந்தது. 1803 ஓகஸ்ட் 25இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் வெள்ளையரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவரைக் கற்சிலைமடுவில் தோற்கடித்தது என்று வெள்ளையர் நட்ட கல் சொல்லிற்று. அந்தக் காலத்துப் பிரித்தானியச் சிப்பாயின் கையில் இருந்தது தீக்கல் துவக்கு. கனம் நாலரைக் கிலோவுக்குக் கிட்ட. கவைக்கம்பு போயிற்று, திரி போயிற்று. குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில் கவ்விய தீக்கல் இரும்பில் உரசிப் பொறி பறக்க, கிண்ணத்தில் இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். ஒருவன் தனியாகத் தூக்கிச் சுடக்கூடிய துவக்காயிற்று. ஆனால் வன்னிக்கு அது இன்னும் சரிவரவில்லை. காரணம் மழை.

இங்கே காலபோக நெல் நிற்கிற காலமும் வடகீழ்ப் பருவமழையும் ஒன்று. ஒக்டோபரில் தொடங்கும் மழை தை வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். பன்றி வயலுக்குள் இறங்குவதும் அந்த மாதங்களில்தான். கிண்ணத்தில் திறந்து கிடக்கும் மருந்தில் ஒரு துளி ஈரம் பட்டால் பொறி பறக்கும், வெடி கேளாது. துவக்கு மிகவும் தேவைப்படுகிற இரவில் அது வெறும் தடியாகிவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு படைத்தளபதியோ ஆயுத வியாபாரியோ அல்லர். ஸ்கொட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் தேவாலயப் போதகர் அலெக்சாண்டர் போர்சித். ஓய்வு நேரத்தில் நீர்க்கரையில் காட்டுவாத்துச் சுடுகிறவர். தீக்கல் துவக்கில் விசையை இழுத்ததற்கும் வெடி கிளம்புவதற்கும் இடையில் ஒரு கணம் தாமதம் உண்டு. கிண்ணத்தில் மருந்து பளிச்சென்று எரிவதைக் கண்ட பறவை, சன்னம் வந்துசேருமுன் விலகிவிடும். இந்தத் தொல்லையைத் தீர்க்க அவர் அடிபட்டால் வெடிக்கும் இரசாயன உப்புகளை ஆராய்ந்தார். 1807இல் காப்புரிமம் பெற்றார். கிண்ணமும் தீக்கல்லும் இல்லாமல், ஓர் அடியில் பற்றி உள்ளிருக்கும் மருந்தைக் கொளுத்துகிற முறை அது. சில ஆண்டுகளில் அந்த உப்பைச் சின்னச் செப்புத் தொப்பிக்குள் அடைத்துக் குமிழில் செருகும் வழக்கம் வந்தது. நம்மவர் 'கேப்பு' என்று சொல்வது அதைத்தான். வாத்துச் சுடுகிற ஒரு போதகரின் மனக்குறை, ஐந்தாயிரம் மைலுக்கு இப்பால் மாரியில் நனைந்து காவலிருக்கும் கமக்காரனுக்கு விடையாக வந்து சேர்ந்தது. மழையில் நம்பக்கூடிய முதல் துவக்கு அதுதான். இடியனின் உண்மையான பிறந்தநாள் என்று ஒன்று இருந்தால் நான் 1807ஐத்தான் சொல்வேன்.

அதே நூற்றாண்டில் இந்தத் தீவுக்கு வேட்டைக்கு வந்த வெள்ளைத் துரைமார்களின் துவக்குகள் வேறு திசையில் போயின. 1854இல் இலங்கை வேட்டை பற்றிப் புத்தகம் எழுதிய சாமுவேல் பேக்கரிடம் இருந்த ஒரு ரைபிளின் கனம் 21 இறாத்தல், ஒன்பதரைக் கிலோ. அதற்குக் காரணம் உண்டு. கருமருந்து எரிகிற விதத்தில் குண்டுக்கு ஓர் எல்லைக்கு மேல் வேகம் கொடுக்க முடியாது. வலிமை வேண்டுமானால் குண்டைப் பெரிதாக்க வேண்டும். குண்டு பெரிதானால் குழல் தடிக்க வேண்டும். அவ்வளவு மருந்து வெடிக்கும்போது தோளை உடைக்காமலிருக்கத் துவக்கே கனக்க வேண்டும். துரைக்கு அது பாரமில்லை. தூக்கிக்கொண்டு பின்னால் வர ஆட்கள் இருந்தார்கள்.

அந்த வேட்டை இங்கே விட்டுப்போன கணக்கு கொடியது. யானைக்குத் தலைக்கு இத்தனை சில்லிங் என்று அரசு பரிசு வைத்திருந்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதாக ரெனன்ற் பதிந்திருக்கிறார். வன்னியும் நுவரகலாவியாவும் அப்போது வடமாகாணத்துக்குள் இருந்தவை. இதை வாசிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கயிற்றோடு கிட்டப் போன பணிக்கனின் காடு அது.

உலகத்தில் வேட்டை ரைபிளின் கனம் குறைந்தது இரசாயனத்தால். 1884இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். பழைய மருந்தைவிடப் பல மடங்கு வலிமை. குண்டைச் சின்னதாக்கி வேகத்தைக் கூட்டலாம் என்றாயிற்று. 1892இல் ஜேர்மனியில் மவுசர் 7 மில்லிமீற்றர் தோட்டாவைக் கொண்டுவந்தது. லண்டன் ரிக்பி கொம்பனி அதே தோட்டாவுக்கு .275 என்று பெயர் வைத்து மெல்லிய ரைபிள்களைக் கட்டியது. சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியைச் சுட்டதற்காக 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கோர்பெற்றுக்குப் பரிசாகக் கிடைத்தது அத்தகைய ரைபிள்தான். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட பெல் என்ற வேட்டைக்காரர், பெரும்பாலானவற்றை இதே சின்னக் குண்டால் வீழ்த்தினார். இன்று மலைநாடுகளில் வேட்டையாடுவோர் மூன்று கிலோவுக்கும் குறைந்த ரைபிளைத் தேடி, கரிநார்ச் சோங்கும் மெலிந்த குழலும் சின்னத் தொலைநோக்கியும் பூட்டுகிறார்கள். எல்லாம் அந்த 1884இன் பிள்ளைகள்.

வன்னிக்கு அந்த மருந்தும் வரவில்லை, தோட்டாவும் வரவில்லை. தோட்டாவுக்குக் காசு வேண்டும், ரைபிளுக்கு அரசின் நம்பிக்கை வேண்டும். கமக்காரனிடம் இரண்டும் இருந்ததில்லை. அவனிடம் இருந்தது கிட்டப் போகிற கலை. பதினைந்து இருபது யாருக்குள் போய்விட்டால் பெரிய குண்டு வேண்டாம், பெரிய மருந்து வேண்டாம். மருந்து குறைந்தால் தடித்த குழல் வேண்டாம். கனம் தானே இறங்கிவிடும். மற்ற நாடுகள் வேகத்தைக் கூட்டித் துவக்கை இலேசாக்கின. வன்னி தூரத்தைக் குறைத்து இலேசாக்கியது. வறுமைக்கு வெளியே இருக்கிற மற்றப் பாதி என்று நான் சொன்னது இதைத்தான்.

நல்ல இடியன்களின் குழல்கள் கடல் தாண்டி வந்தவை. உலகம் தோட்டாவுக்கு மாறிய பிறகும் பேர்மிங்காமிலும் பெல்ஜியத்து லியேஜிலும் குடியேற்ற நாடுகளுக்கென்றே வாயால் நிரப்பும் மலிவான துவக்குகளைச் செய்து தள்ளினார்கள். பேர்மிங்காமில் 1813 முதல் சோதனைச்சாலை ஒன்று உண்டு. ஒவ்வொரு குழலிலும் வழமைக்கு மேற்பட்ட மருந்தைப் போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கியவற்றுக்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். சோங்கு உக்கினால், குதிரை உடைந்தால், உள்ளூர்க் கொல்லனும் தச்சனும் மாற்றிக் கொடுப்பார்கள். மூன்று தலைமுறை கழித்து, குழல் மட்டும் பேர்மிங்காமாகவும் மற்றதெல்லாம் வன்னியாகவும் நிற்கும். முத்திரை இல்லாமல், கிடைத்த இரும்புக் குழாயில் கட்டியவையும் இருந்தன. விரல் போனவர்களும் கண் போனவர்களும் அவற்றின் சாட்சிகள்.

இடியனைத் தெரிவு செய்கிற பெரியவர் முதலில் வெடி வைத்துப் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுவார். பிறகு கண்ணைத் திறப்பார். குழலும் கண்ணும் ஒரு நேர்கோட்டில் நின்றால் சோங்கு அவருக்குப் பொருந்தியது. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல குழலானாலும் அவருக்கு அது உதவாது. இருட்டில் தேடிக் குறிபார்க்க நேரமிராது. அடுத்து விரல்மேல் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். விசைக்குச் சற்று முன்னால் துவக்கு சமன்பட்டு நிற்க வேண்டும். வாய்ப்பக்கம் தாழ்ந்தால் கை நடுங்கும். சோங்குப் பக்கம் தாழ்ந்தால் குறி அலையும்.

சோங்குக்கு மரம் தேடுவதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தக் காட்டின் பெருமைக்குரிய மரங்கள் பாலையும் முதிரையும். இரண்டும் இரும்பைப்போல் கனப்பவை. பாலை தண்ணீரில் அமிழும். ஊர்த் தச்சன் அவற்றை விட்டு, நார் நேராக ஓடிய இலேசான மரத்தையே எடுப்பான். கனத்தை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பது இதில் பெரிய பாடம். மருந்து இருக்கும் அடிக்குழலில் ஒரு நூலளவும் குறைக்கக் கூடாது, அழுத்தம் முழுவதும் அங்கே. முன்குழலிலும் சோங்கிலும் குறைக்கலாம். குழலை வெட்டிக் குட்டையாக்கினால் பற்றைக்குள் நடக்கச் சுகம். ஆனால் கருமருந்து மெதுவாக எரிவது, அது முழுதாக எரிந்து சன்னத்தைத் தள்ள நீளம் வேண்டும். இடியன் இலேசாகவும் நீளமாகவும் ஒருங்கே இருப்பதற்குக் காரணம் இந்த இழுபறிதான்.

இலேசான துவக்கு இன்னொரு விலையும் கேட்கும். அதே மருந்தையும் அதே சன்னத்தையும் பாதிக் கனமுள்ள துவக்கில் போட்டால், தோளில் வந்து இடிக்கும் சக்தி இரண்டு மடங்கு. தோள் அடியை ஒருமுறை வாங்கியவன் அடுத்தமுறை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவான், வெடி விலகும். அதனால் ஒவ்வொரு இடியனுக்கும் அதற்கென்று ஒரு மருந்தளவு உண்டு. அந்த அளவுக்குக் குப்பி தனி. ஒருவன் குப்பியை இன்னொருவன் வாங்கமாட்டான். குழல் நுனியில் ஒரு குறிமணி மட்டும் இருக்கும். நிலவில்லாத இரவில் அதில் சுண்ணாம்பைத் தொட்டுவைப்பார்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் வெடி ஒன்றுதான். காயப்பட்ட தனியன் பன்றி திரும்பி வந்தால் மறுபடி இடிக்க நேரம் கிடையாது. இடியன் பழக்கிய பெரியவர்கள் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தது சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதை. "வெடி ஒண்டு, பன்றி ஒண்டு. கிட்டப் போக ஏலாதெண்டால் பேசாமல் வீட்டை போ தம்பி" என்பார்கள். இருட்டில் அசைவது பன்றியா, பக்கத்து வயற்காரனின் எருமையா, குந்தியிருக்கும் மனிசனா என்று தெரியும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இதைச் சொல்லாமல் யாரும் துவக்கைக் கையில் கொடுத்ததில்லை.

சட்டம் இந்தத் துவக்கை எப்போதும் ஐயத்தோடுதான் பார்த்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்பதற்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1937இன் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் மானையும் மரையையும் காத்தது. இரண்டும் வேண்டிய சட்டங்கள் என்றே நினைக்கிறேன். பயிர்காவலுக்கு ஒரு வெடி வைக்கிறவனும், மரை இறைச்சியைப் பட்டணத்துக்கு அனுப்புகிறவனும் ஒன்றல்ல. ஆனால் ஊரில் இரண்டாமவன் பெருகியபோது முதலாமவனின் துவக்குக்கும் நியாயம் சொல்வது கடினமாகிப்போனது. பிறகு போர். வேட்டைத்துவக்கு வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்தான காலம். 2009க்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது, ஆண்டுக்கணக்கில் விதைக்காத வயல்களில் பற்றை மண்டியிருந்தது. பன்றியும் யானையும் அவற்றைத் தங்கள் காடாக எடுத்திருந்தன. காவலுக்குத் துவக்கு இல்லை, இருந்தவர்களுக்குக் கிட்டப் போகப் பழக்கியவர்கள் இல்லை.

அந்த இடத்தில்தான் கட்டுத்துவக்கு வந்து உட்கார்ந்தது. அது முன்பும் இருந்தது, இப்போது பெருகிற்று. அதுவும் இடியனின் இரத்தம்தான்: அதே குழல், அதே மருந்து, அதே கேப்பு. ஆளை மட்டும் எடுத்துவிட்டார்கள். விலங்கு நடக்கும் தடத்தில் கட்டிவிட்டு, கட்டியவன் வீட்டில் படுத்துக்கொள்கிறான். வந்தது மரையா, மாடா, சிறுத்தையா, விறகுக்குப் போன பெண்ணா என்று அந்தத் துவக்குக்குத் தெரியாது. உலர்வலயத்து வைத்தியசாலைகளுக்கு வருகிற கட்டுத்துவக்குக் காயங்கள் பெரும்பாலும் காலில். பன்றியின் உயரத்துக்கு வைத்த குழல் மனிதனின் முழங்காலைத் தேடுகிறது. காலில் சன்னம் ஏறிய யானை சீழ்பிடித்து, நடக்க முடியாமல், குளக்கரையில் விழுந்து நாட்கணக்கில் சாகிறது. கட்டுத்துவக்கு சட்டவிரோதம் என்பது கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, இலேசான துவக்கு எந்த ஒன்றை நம்பிப் பிறந்ததோ, கிட்டப் போய்ப் பார்த்து முடிவெடுக்கிற மனிதன், அவனையே இது வேண்டாம் என்று தள்ளிவிட்டது. இடியனைக் கையில் வைத்திருந்த பழைய வேட்டைக்காரர்கள் கட்டுத்துவக்கைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் வெட்கம் இருக்கும். அந்த வெட்கம் நியாயமானது.

வழக்குகளில் பிடிபடும் துவக்குகள் அழிக்கப்படுகின்றன. கொல்லும் கருவிகளுக்கு அது சரியான முடிவு. ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் வன்னிக் கமக்காரனின் கைவேலைக்கு ஒரு தடயமும் எஞ்சாது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொண்டுபோன லெவ்கே திசாவையின் பொன்வெள்ளிப் பீரங்கி 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தது, நாடே கொண்டாடியது. அரண்மனைத் துவக்குகளும் நூதனசாலைக் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. மூன்று தலைமுறை வயல் காத்த ஓர் இடியனை, அதன் வரலாற்றுக் குறிப்போடு, நான் எங்கும் பார்த்ததில்லை. முல்லைத்தீவு மாவட்டத்திலேயே ஒன்றிரண்டைச் சுட முடியாதபடி அடைத்து, குழலில் எந்த ஊர் முத்திரை இருக்கிறது, சோங்கு எந்த மரம், எந்தக் குளத்துக்குக் கீழுள்ள வயலுக்குக் காவல் நின்றது என்று எழுதி வைக்கலாம். கட்டுத்துவக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம். சொல்லத் தெரிந்தவர்கள் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் முள்ளியவளையிலும் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் எண்பதைத் தொட்டவர்கள். கேட்டு எழுதுகிற வேலையை இந்த மாரிக்கு முன்பே தொடங்க வேண்டும்.